பெரியப்பா தூங்கி வாங்கிய சீட்

ஆர்தர் பெரியப்பா ஒரே ஒரு தூக்கம் போட்டுத் தம்பி மகள் லோயிஸுக்குப் பரோடாவில் ஓவியம் படிக்க சீட் வாங்கிக் கொடுத்தார். சிபாரிசு கிடையாது, மந்திரி கிடையாது. உட்கார்ந்தார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். மூன்று பேராசிரியர்கள் எழுந்து நின்றார்கள். அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. வெளியே ஆலமரத்தில் தொங்கிய வௌவால்கள், பொழுது சாய்ந்துவிட்டது போல என்று நட்டநடுப் பகலில் இரை தேடக் கிளம்பின.

இதைக் கேட்டு யார் நம்புவார்கள்? செகந்திராபாத் ரயில்வேத் தமிழர் வீடுகளில் இந்தக் கதையைச் சொன்னால் விருந்தாளி சிரித்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போவான். போகட்டும். ஆனால் அந்த அறைக்குள்ளேயே இருந்தவர்களில் ஒருவர் மட்டும், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஆர்தர் பெரியப்பா. அவர் சாதித்த வரைக்கும் லோயிஸின் டிரங்குப் பெட்டி வாசற்படி தாண்டவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடை. லோயிஸ் இன்டர் முடித்திருந்தாள். அவளுக்கு ஓவியம்தான் படிக்க வேண்டும், அதிலும் பரோடாவில்தான். காரணம் சுவர். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருநாள் பேச்சுவாக்கில், அந்த ஊரில் ஈரச் சுண்ணாம்புச் சுவரில் ஆளுயரத்துக்கு வரையக் கற்றுத் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மறந்துவிட்டார். லோயிஸுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. அதுவரை அவள் வரைந்ததெல்லாம் காலண்டர் தாளின் முதுகில். டிசம்பர் மாதத்தைவிடப் பெரிய படம் ஒன்றை அவள் வாழ்நாளில் வரைந்ததில்லை.

அப்பா தனசிங்குக்குப் பாலாநகர்ப் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. தங்கமான மனிதர். அவர் வாயில் ஒரே பதில்தான் உண்டு.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

பல் பிடுங்குவதற்கும் அண்ணன். பால்காரனை மாற்றுவதற்கும் அண்ணன். அந்த அண்ணன் லாலாகூடாவில் அதே காம்பவுண்டில் அடுத்த போர்ஷனில்தான் இருந்தார். ரிட்டையர்டு ரயில்வே கார்டு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் போன பிறகும், இந்த உலகம் அவர் கையசைப்புக்காகத்தான் காத்து நிற்கிறது என்ற எண்ணம் போகவில்லை.

"பரோடாவுக்கு நேர் வண்டி உண்டா?" என்றார்.

"இல்ல பெரியப்பா. பம்பாயில மாறணும்."

"சவுத் சென்ட்ரல்ல ஏறணும். பாதியில சென்ட்ரல் ரயில்வே. அப்புறம் தாதர்ல இறங்கி, பாலம் ஏறி, வெஸ்டர்ன் ரயில்வே. ஏட்டி, மூணு ரயில்வே! ஒரு சிலேட்டுப் பலகைய மூணு ரயில்வே மாத்தி அனுப்பினாலே முழுசாப் போய்ச் சேராது. நீ பொம்பளப் பிள்ள."

"பெரியப்பா, அங்க என்ன சொல்லிக் குடுக்காங்கன்னு..."

"மெட்ராஸ். நேர் வண்டி. சாயங்காலம் ஏறினா காலையில சென்ட்ரல். எழும்பூர்ல காலேஜ். உங்க அத்தை பெரம்பூர்ல. முடிஞ்சுது."

"அங்கயும் நல்ல காலேஜ்தான். ஆனா எனக்குச் சுவரு..."

"ஏன், மெட்ராஸ்ல சுவரே இல்லையா? வெட்டவெளியிலயா குடியிருக்கான்?"

ரயில் போகிற திசையை வைத்துப் படிப்பைத் தீர்மானிக்கிற வீட்டில் பிறந்துவிட்டோமே என்று லோயிஸ் பல்லைக் கடித்தாள். பெரியப்பாவோடு போச்சா என்றால் அதுவும் இல்லை. லாலாகூடா ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிற தாய்மாமா ஏனோக், சாந்திநிகேதன் என்றார். "அங்க மரத்தடியிலதான் பாடம். கரண்ட் கட்டே கிடையாது. மெட்ராஸ் நக்கோ, பரோடா நக்கோ, ரெண்டும் வேண்டாம்." பக்கத்துத் தெருவில் இருந்த அப்பாவின் சித்தப்பா மகள் பேபி அத்தை, மாசாப் டாங்க் என்றாள். "நம்ம ஹைதராபாத்துல இல்லாத காலேஜா? பஸ்ல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம். ஊர் ஊரா என்னத்துக்குட்டி அலையணும்?" மூன்று பேரும் தங்கள் வாழ்நாளில் ஒரு ஓவியக் கல்லூரியின் வாட்ச்மேனைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு உறுதி.

ஒரு வழியாக அம்மா ஹில்டா இரண்டு நாள் சமையல் செய்யாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில், பரோடா நேர்முகத் தேர்வுக்கு மட்டும் போய் வரலாம் என்று அனுமதி பிறந்தது. கிடைத்தால் பார்ப்போம், அதாவது கிடைக்காது. அங்கே ஒரு கண்டிப்பு உண்டு: மனிதர்களை நேரில் பார்த்து வரைந்த படங்களைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். லோயிஸ் ஒரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். காம்பவுண்டில் யார் அசந்தாலும் வரைந்துவிடுவாள். வரையப்படுகிறவருக்குத் தெரியாது. அதுதான் அதில் விசேஷம்.

அப்போது வந்தது அறுப்பின் பண்டிகை. அறுக்க ஒரு முழம் வயல்கூட இல்லாத செகந்திராபாத்தில், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் கூடவே கொண்டுவந்த பண்டிகை அது. கோயில் கூரை ஒழுகியதால் அந்த வருஷம் மழைக்கு முந்தி மே மாதத்திலேயே வைத்துவிட்டார்கள். வழக்கம் ரொம்ப எளிது: ஒவ்வொரு வீடும் தன் விளைச்சலில் ஏதாவது கோயிலுக்குக் கொடுக்கும்; ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். அன்றைக்கு முருங்கைக்காய் ஆட்டு விலைக்குப் போகும், ஆடு ஸ்கூட்டர் விலைக்குப் போகும். சபையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பூசணிக்காய்மேல் கண் வைத்தால் கோயிலுக்குப் புதுக் கூரையே வந்துவிடும்.

ஹில்டா வீட்டில் தோட்டம் இல்லை. விளைந்ததெல்லாம் லோயிஸின் படங்கள்தான். "சிலதை எடுத்துக்கோம்மா, கட்டிலுக்கடியில ஒரு கட்டு ஏலத்துக்குன்னே வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, லோயிஸ் விடியற்காலையிலேயே கோயில் அடுப்படிக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

கட்டிலுக்கடியில் இரண்டு கட்டுகள் இருந்தன.

ஹில்டா ஒன்றைப் பிரித்தாள். ரோஜாப்பூ, அன்னம், ஏரியில் படகு, படகில் நிலா. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். ஒரு காக்காய். ஒரு உடைந்த ரிக்ஷா. வாய் நிறையத் துணி கிளிப்பைக் கவ்விக்கொண்டு பாவாடை உலர்த்தும் பேபி. கிளம்பாத ஸ்கூட்டரைத் தொடை தெரிய உதைக்கும் தன் தம்பி ஏனோக். கடைசியாக, ஈஸி சேரில் ஆர்தர் அத்தான். வயிற்றில் பேப்பர், கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. சாதாரணமாகத் திறந்திருக்கவில்லை. ஒரு கோழி தன் குஞ்சுகளோடு உள்ளே போய்த் தங்கிவிட்டு வரலாம்.

தாய் மனம் என்ன சொல்லும்? அழகாக இருப்பதுதான் பரீட்சைக்கு. ஹில்டா அன்னத்தையும் ரோஜாவையும் பத்திரமாகக் கட்டி உள்ளே தள்ளிவிட்டு, வாயையும் தொடையையும் கிளிப்பையும் ஆண்டவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

லோயிஸ் வெங்காயக் கண்ணோடு அடுப்படியில் இருக்கும்போது வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. சும்மா சிரிப்பில்லை, மண்டபத்துத் தகரம் எழும்பி உட்கார்ந்தது. பிறகு பேபி அத்தையின் குரல் கேட்டது: "கொண்டாங்க இங்க! என்ன விலையானாலும் எனக்குத்தான்! பாடகர் குழுப் பொம்பளைங்க கைக்கு அது போனா நான் இந்தக் கோயிலுக்கே வர மாட்டேன்!" லோயிஸ் அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் ஏனோக் மாமா தன் தொடையை மீட்டிருந்தார். ஏலம் விடுகிற குணசேகரன் கடைசிப் படத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். ஆர்தர் பெரியப்பா எழுந்து நின்று விலை கேட்டார். போட்டிக்கு யாரும் வரவில்லை. ஆத்திரத்தில் அவரே தன் விலைக்கு மேல் இன்னொரு தடவை ஏற்றினார். அதற்கு மேல் மறுபடியும் ஏற்றினார். சபை கைதட்டியது.

"அம்மா!" என்றாள் லோயிஸ்.

"ஏன், நல்ல விலைக்குத்தானே போச்சு?" என்றாள் ஹில்டா.

மறுநாள் லோயிஸ் படங்களைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போனாள். காக்காயை வாங்கியவர் கொடுத்துவிட்டார். உடைந்த ரிக்ஷாவை வாங்கியவர் காபியும் கொடுத்து ரிக்ஷாவையும் கொடுத்தார். ஒரு வருஷத்தில் அவளுக்கே திருப்தியாக வந்த, ஆள் இருந்த மூன்று படங்களும்தான் மாட்டிக்கொண்டன. அந்த மூன்றுதான் பரீட்சைக்கு வேண்டியவை.

"ஆண்டவருக்குக் குடுத்ததைத் திரும்பக் கேக்கலாமாட்டி?" என்றாள் பேபி அத்தை. படத்தைப் பீரோவில் பூட்டியிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தாரேன். ஆனா மாசாப் டாங்க்ல சேருவேன்னு சொல்லு. உள்ளூர்ல நாலு பேரு பார்த்தா பார்த்துட்டுப் போறான். முன்னப்பின்ன தெரியாத குஜராத்திக்காரன் என்னைக் கிளிப்பும் வாயுமாப் பாக்கணுமா?"

ஏனோக் மாமா கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, கூடத்தில் மாட்டியிருந்தார். முதல் நாள் கோபம் எல்லாம் பறந்துவிட்டது. "பாரு, என் கால் எப்படி இருக்கு! ஃபுட்பால் ஆடின கால். சாந்திநிகேதன்னா எடுத்துட்டுப் போ. பரோடாவுக்குக் கைக்கு, எதுக்குங்கேன்?"

பெரியப்பா படத்தைக் காட்டவே இல்லை. "அதுல இருக்கிறது நான் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் கார்டு வேன்ல உக்காந்து போனவன். தூங்கினான்னு ஒரு மெமோ உண்டா? எனக்கு வாய் திறக்காது. மெட்ராஸ்னா சொல்லு, அழிச்சுட்டுத் திருத்தி வரை, தாரேன்."

ஆக, ஒரு படத்துக்கு ஹைதராபாத், ஒரு படத்துக்கு சாந்திநிகேதன், ஒரு படத்துக்கு மெட்ராஸ். மூன்றும் வேண்டுமென்றால் லோயிஸ் தன்னையே மூன்றாக வெட்டி மூன்று வண்டியில் ஏற்ற வேண்டும். பரோடாவுக்கு ஏற்ற ஒரு சுண்டுவிரல்கூட மிஞ்சாது.

புதிதாக வரைந்துவிடலாம் என்று பார்த்தாள். "அத்தை, சும்மா துணி உலர்த்துங்க" என்றால் பேபி அத்தை பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, கொடிக்கயிற்றின் கீழே கல்யாணப் பெண்ணாக நின்றாள். ஏனோக் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்தார். அன்றைக்கென்று ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பித் தொலைத்தது. பெரியப்பா ஈஸி சேரில் முதுகு நிமிர்ந்து, கண்ணைக் கோழிமுட்டை மாதிரி விரித்து, இமைக்காமல் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இமைக்கவில்லை. லோயிஸ் வரைந்து பார்த்தாள். கலர் ஸ்டூடியோ வாசலில் மாட்டி வைக்கிற போட்டோக்கள் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள். தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அவள் வெடித்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்? படம் உங்க கைய விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே? நீங்களே தூக்கிட்டு வாங்க! ஆளுக்கு ஒரு படத்தப் பிடிச்சிக்கிட்டு அந்த வாத்தியாருங்க முன்னால வரிசையா நில்லுங்க! என்னை ஏன் இப்படி அரைச்சு எடுக்கீங்க?"

வேறு எந்த வீட்டிலும் இதற்குப் பதில் மௌனமாகத்தான் இருக்கும். ஆனால் ரயிலில் போக இலவச பாஸ் வைத்திருக்கிற குடும்பத்தில் கோபத்தில்கூட இப்படி ஒரு வார்த்தையை விடக் கூடாது.

ஏனோக் மாமா நிமிர்ந்தார். "ஹவ், ஆமா! என் பாஸு சும்மாதானே கிடக்கு."

"எனக்கும் எங்க வீட்டுக்காரர் பேர்ல உண்டே" என்றாள் பேபி அத்தை. "நானே போயி, இது நான் எப்பவும் இருக்கிற கோலம் இல்ல, துணி காயப்போடும்போது மட்டும்தான்னு விளக்கிச் சொல்லிருதேன்."

லோயிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா சொன்னார்: "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

அண்ணன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிளாட்பாரத்தில், கக்கத்தில் படத்தைப் போர்வையால் சுற்றி இடுக்கிக்கொண்டு, எஞ்சின் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். "உங்க படத்த எல்லாம் பார்த்துட்டு, இவருது எங்கன்னு எவனாவது கேட்டா? நான் இல்லாத இடத்துல என் வாயைப் பத்திப் பேச்சு வரக் கூடாது" என்றார்.

அந்தப் பயணத்தை லோயிஸ் பிறகு நினைத்துப் பார்க்க விரும்பியதில்லை. ஏனோக் மாமாவின் கண்ணாடிச் சட்டம் மேல் பர்த்தில் தனியாகப் படுத்து வந்தது. மாமா கீழே நின்றுகொண்டு வந்தார். பேபி அத்தை எதிர் சீட்டு மராத்திக் குடும்பத்துக்குத் தன் படத்தைப் பிரித்துக் காட்டிச் சைகையால் விளக்கம் கொடுத்ததில், அவர்கள் பயந்துபோய் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா கண்ணை மூடவே இல்லை. படத்தை நெஞ்சோடு அணைத்தபடி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்து, சிக்னல் சரியா, வண்டி எவ்வளவு லேட் என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாதர் பாலத்தில் கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வைத்தது. வெஸ்டர்ன் ரயில்வேயில் ஏறினதும் "சொன்னேனா இல்லையா" என்றார். பரோடா வரை அதையேதான் சொன்னார். கண்மட்டும் மூடவில்லை.

நேர்முகத் தேர்வு அறையில் மூன்று பேராசிரியர்கள். லோயிஸ் பெயரைக் கூப்பிட்டதும் ஐந்து பேர் உள்ளே போனார்கள். அப்பா கதவோரம் நின்றார். மற்ற மூவரும் ஆளுக்கொரு படத்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தாடிக்காரப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"இவர்கள் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் போர்ட்ஃபோலியோ, சார்" என்றாள் லோயிஸ். பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

முதல் இரண்டு படங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஆளையும் பார்த்தார்கள். மாமாவைக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். பேபி அத்தை "ஒன்லி டைம் ஆஃப் துணி, சார்" என்றாள். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது படத்துக்கு முன்னால் தாடிக்காரர் நின்றார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது பார்த்து வரைந்தது இல்லை. கேலிச்சித்திரம். மனிதத் தாடை இவ்வளவு கீழே இறங்காது. நாங்கள் கேட்டது நேரில் பார்த்த படம், கற்பனை இல்லை."

"பார்த்துத்தான் வரைந்தேன், சார்."

"எக்ஸாக்ட்லி, சார்!" என்று பெரியப்பா முழங்கினார். "ஐ ஆம் சேயிங் சேம் திங்! திஸ் கேர்ள் நாட் லிஸனிங்! தர்ட்டி ஃபைவ் இயர்ஸ் கார்டு, சார். நெவர் ஸ்லீப்!"

தாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவர் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும்" என்று லோயிஸிடம் சொன்னார். பக்கத்தில் இருந்த பேராசிரியர், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறவளை எப்படிச் சேர்ப்பது என்பது போலத் தலையை ஆட்டினார்.

உலகத்தில் இத்தனை பேர் இருக்க, பெரியப்பாவோடு ஒத்துப்போகிற ஒரே மனிதர் இந்த நாற்காலியில்தானா வந்து உட்கார வேண்டும்? மூன்று ரயில்வே தாண்டி வந்தது இதற்குத்தானா? ஈரச் சுவர் கண்ணெதிரே காய்ந்து உதிர்வது லோயிஸுக்குத் தெரிந்தது. அழுதுவிடக் கூடாது என்று, கேட்ட மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

பெரியப்பா ஜெயித்த நிம்மதியில் மாடல்கள் உட்காரும் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேலே மின்விசிறி. கையில் வழியில் வாங்கிய பேப்பர். அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். செகந்திராபாத்திலிருந்து இமைக்காமல் வந்த கண்.

முதலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. கேஸ் அடுப்பு பற்றிக்கொள்வது போல. பிறகு கூட்ஸ் வண்டி ஒன்று தூரத்தில் கிளம்பியது. பிறகு அது அறைக்குள்ளேயே வந்துவிட்டது. பேராசிரியர்கள் திரும்பினார்கள்.

தாடை இறங்கியது. படத்தில் இருந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்தால், அதையும் தாண்டி ஒரு விரற்கடை போயிற்று.

தாடிக்காரர் எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். படத்தை எடுத்து பெரியப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, வாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். "நீ குறைத்து வரைந்திருக்கிறாய்" என்றார் மெதுவாக. "மன்னித்துக்கொள், அம்மா." பிறகு கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த மாணவர்கள் அத்தனை பேரையும் சத்தம் போடாமல் உள்ளே வரச் சொல்லி, ஆளுக்கொரு தாள் கொடுத்து, இவர் எழுந்திருப்பதற்குள் வரையுங்கள் என்றார். அறை முழுக்கப் பென்சில் உரசும் சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியதும் வௌவால் கிளம்பியதும் அப்போதுதான்.

எழுந்தபோது நாலா பக்கமும் தன் வாய் தாள் தாளாகத் திறந்திருப்பதைப் பெரியப்பா பார்த்தார். "யாரு இது?" என்றார்.

லோயிஸுக்கு சீட் கிடைத்துவிட்டது. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் எல்லோரும் சுகமாக இருந்திருக்கலாம்.

"நான் தூங்கல" என்றார் பெரியப்பா, திரும்பி வருகிற வண்டியில்.

"அண்ணே, நாங்க எல்லாரும் பார்த்தோமே!" என்றாள் பேபி அத்தை.

"கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன்."

"குறட்டை விட்டீங்க, பெரிய அத்தான்!" என்றார் ஏனோக் மாமா.

"அது ஃபேன்."

செகந்திராபாத் வந்து சேர்ந்ததும் தீர்ப்பு வந்தது. "தூங்காத ஆளைத் தூங்கினதா நினைச்சு சீட்டு குடுத்திருக்கான். பொய்யில வந்த சீட்டு. அந்தச் சீட்டுல நம்ம வீட்டுப் பிள்ள போயி உக்காரக் கூடாது. மெட்ராஸ். நேர் வண்டி." சாட்சி சொன்னவர்களை எல்லாம் "நீங்க அவ கட்சி" என்று தள்ளிவிட்டார். காம்பவுண்டே தினமும் மத்தியானம் அவர் குறட்டைக்கு ரேடியோவைச் சத்தமாக வைக்கிற காம்பவுண்டு. அதைக் கேட்காத காது அவர் காது ஒன்றுதான். தூங்குகிறவர் எப்படிக் கேட்பார்? அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

திங்கட்கிழமை கிளம்பினால்தான் கல்லூரி திறப்பதற்குள் பரோடா போய்ச் சேர முடியும். சனிக்கிழமை மத்தியானம் லோயிஸ் அடுத்த போர்ஷனுக்குப் போனாள். பெரியப்பா ஈஸி சேரில், முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். பரோடாவிலிருந்து வந்தது முதல் பகலில் சாய்வதையே விட்டிருந்தார். கண் சிவந்து, முகம் தொங்கியிருந்தது.

"நீங்க தூங்கல. சரி, ஒத்துக்கிடுதேன்" என்றாள் லோயிஸ்.

பெரியப்பா திகைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் பார்த்தது தப்பு. ஒரு வருஷமா இந்த ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னு உங்களப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். எல்லாம் தப்பு. எதிர்ல இருக்கிற ஆளையே சரியாப் பார்க்கத் தெரியாதவளுக்கு மெட்ராஸ் எதுக்கு? எந்த ஊரும் வேண்டாம். பேகம்பேட்ல டைப்பிங் கிளாஸ் இருக்கு, சேர்ந்துருதேன். நேர் பஸ்."

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" கையைத் தட்டிவிட்ட மாதிரி கத்தினாள். "ரிட்டையர் ஆகி எத்தனை வருஷமாச்சு பெரியப்பா? வண்டிய வேற ஆள் பார்த்துக்கிடுதான்! கொடியும் அவன்கிட்ட இருக்கு, விசிலும் அவன்கிட்ட இருக்கு. நீங்க தூங்கினா எந்த வண்டியும் கவிழாது. இனிமேலாவது நிம்மதியாத் தூங்கித் தொலைங்களேன்!"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அந்தக் காம்பவுண்டில் ஆர்தர் பெரியப்பாவிடம் அப்படிப் பேசியவர் யாரும் இல்லை. அவர் எழுந்து அடிப்பார் என்று நினைத்தாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை மட்டும் நாற்காலிக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. லோயிஸ் திரும்பி நடந்தாள்.

ஞாயிறு. தமிழ்க் கோயில். ஆராதனையில் பாதி தாண்டியதும் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள். யாருக்கு என்ன நன்மை நடந்ததோ அதை எழுதிக் காணிக்கையோடு கவரில் போட்டுக் கொடுத்தால், போதகர் சபைக்கு முன்னால் படிப்பார். இன்னார் மகளுக்குச் சுகப்பிரசவம். இன்னாருக்குப் பிரமோஷன். இன்னார் வீட்டு எருமை திரும்பி வந்தது. பெண்கள் பக்கத்தில் லோயிஸ் எதையும் கேட்காமல், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துக் காரைச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தாள்.

போதகர் அடுத்த தாளைப் பிரித்தார். நிறுத்தினார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

"சகோதரர் ஆர்தர் அவர்கள், ரிட்டையர்டு கார்டு, தமக்குப் பரோடா பட்டணத்தில்... நல்ல தூக்கம் தந்ததற்காக..."

சபை அசைந்தது. பேபி அத்தை லோயிஸின் தொடையைக் கிள்ளினாள். லோயிஸ் திரும்பினாள். ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பெரியப்பா மட்டும் எழுந்து நின்றிருந்தார். வண்டி கிளம்பும்போது கார்டு நிற்பாரே, அந்த மாதிரி நின்றார்.

சிரிப்பை அடக்கியதில் போதகருக்கு உதடு துடித்தது. மீதியை வாய்க்குள்ளேயே முனகிவிட்டுத் தாளை மடிக்கப் பார்த்தார்.

"ஐயா, மிச்சத்தையும் வாசிங்க" என்றார் பெரியப்பா. "சத்தமா வாசிங்க. பின்வரிசைக்குக் கேக்கல. எழுதினது நான்தான்."

போதகர் தாளை மறுபடி விரித்தார்.

"...அதுவும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினதற்காகவும், குறட்டை விட்டதற்காகவும், தம்பி மகள் பார்த்தது பார்த்தபடியே வரைந்ததற்காகவும்."